கோத்தகிரியில் உட்கார்ந்து என்ன கேட்கலாம்?

கேள்வி இதுதான். வேலை மாற்றலாகி கோத்தகிரிக்கு வந்து எட்டு மாதம் ஆன ஒரு தம்பி கேட்கிறார்: ராத்திரி ஏழரைக்கெல்லாம் பஜார் அடங்கிவிடுகிறது, போன் தானாகப் போடும் பாட்டையே கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, முழுசாக உட்கார்ந்து கேட்க நல்ல ஆல்பம் எது, நேரில் போய்க் கேட்க வேண்டியது எது, புதிதாக யார் நன்றாகச் செய்கிறார்கள்? மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1980களில் எங்கள் மாமா இங்கே பஜாரில் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டால் நான் நேராக அங்கேதான். ஜனங்கள் ஒரு துண்டுத் தாளில் பன்னிரண்டு, பதினைந்து பாட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். 60 கேசட்டு என்றால் பக்கத்துக்கு அரை மணி, 90 என்றால் முக்கால் மணி, அதற்குள் அடங்குகிற மாதிரி மாமா கணக்குப் போட்டுப் பதிவார், கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துபோனால் மறுநாள் காலையில் ஆள் கடை வாசலில் நிற்பார். எனக்குக் கொடுத்த வேலை அட்டையில் பெயர் எழுதுவது. ஒரிஜினல் கேசட்டின் அட்டையை மடிப்புப் பிரித்துப் பார்த்தால் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வயலின் யார், மிருதங்கம் யார், கடம் யார் என்று போட்டிருக்கும். அதைப் பார்த்து எழுதி எழுதி, பாடுகிறவரை விட்டுவிட்டு வாசிக்கிறவரைத் தேடும் பழக்கம் வந்துவிட்டது. உங்களுக்கும் நான் சொல்ல இருப்பது அதுதான். ஒரு பதிவு பிடித்துப்போனால், அதில் வாசித்த ஒரே ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் வேறு எங்கெல்லாம் வாசித்தாரோ அங்கெல்லாம் பின்னாலேயே போங்கள். போனில் பெரும்பாலும் வாசித்தவர் பெயரைப் போடுவதில்லை, தேடித்தான் எடுக்க வேண்டும், தேடுங்கள்.

முதல் ஆல்பம் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. 1986இல் வந்தது. பாட்டு கிடையாது, வரிகள் கிடையாது, பத்து இசைத்துண்டுகள். தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் சமர்ப்பணம் செய்திருப்பார். பாக் 1750இல் இறந்தார், தியாகராஜர் பிறந்தது 1767இல். ஒரே காலத்தில் மூச்சுவிடாத இரண்டு பேரை ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசவிட்டிருக்கிறார் ராஜா. சொல்லப்போனால் ஒரு துண்டின் பெயரே 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாவது பார்ட்டிட்டாவின் (பல பகுதிகள் கோத்த இசைத்தொகுப்பு) தொடக்கப் பகுதி அதில் ஓடும், அதைச் சுற்றி ராஜா எழுதிய தந்திகள் ஓடும். முதல் தடவை இரண்டும் ஒரே ஓட்டமாகத்தான் காதில் விழும். மூன்றாவது தடவை பாக்கின் வயலினை மட்டும் விரலைப் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி பின்தொடருங்கள், நாலாவது தடவை அதை விட்டுவிட்டு மற்றதைக் கேளுங்கள். தயவுசெய்து ஹெட்போனில் கேளுங்கள், வரிசையை மாற்றிப் போடும் வசதியை அணைத்துவிடுங்கள். ஏனென்றால் அதற்கு அடுத்த துண்டின் பெயர் '...அண்ட் வி ஹேட் எ டாக்'. வீட்டுக்கு வந்தவரோடு பேசினேன் என்கிறார், வரிசை மாறினால் பேச்சு அறுந்துவிடும்.

அதில் தனி வயலின் வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். அட்டையில் அவர் பெயரை எழுதும்போது எனக்குப் பன்னிரண்டு, பதிமூன்று வயது இருக்கும். அப்புறம்தான் தெரிந்தது, அதுவரை ரேடியோவில் எத்தனையோ ராஜா பாட்டுகளின் இடையிசையில் நான் நின்று கேட்ட வயலின் அவருடையது என்று. பின்னால் அவர் 'மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்' என்று ஒரு நால்வர் குழு அமைத்தார். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ, வாசிப்பது கர்நாடகக் கீர்த்தனைகள். மேற்கத்திய ஹார்மனியை, அதாவது ஒரே நேரத்தில் பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பதை, அடியில் போட்டும் மேலே ராகத்தின் கமகம் கெடாமல் நிற்கும். அது எவ்வளவு கஷ்டம் என்று வயலின் கற்றவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். கமகம் என்பது ஒரு சுரம் அசைந்துகொண்டே இருப்பது, ஹார்மனிக்கோ ஒவ்வொரு சுரமும் ஓரிடத்தில் நிற்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கட்டிக் கொடுமைப்படுத்திய பதிவுகள் நிறைய உண்டு, இவருடையது அந்த வகை இல்லை. இப்படி ஒரு கேசட்டிலிருந்து ஒரு ஆளைப் பிடித்தால் ஒரு வருஷத்துக்குக் கேட்கச் சரக்கு கிடைத்துவிடும்.

அடுத்து மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ். ஸ்ரீனிவாஸ் கையில் எடுக்கும்வரை மாண்டலினில் கர்நாடகக் கச்சேரி என்று பெரிதாக யாரும் யோசித்ததில்லை. எட்டுத் தந்தி, இரண்டிரண்டாக நாலு ஜோடி, இதுதான் வழக்கமான மாண்டலின். அதில் தந்தியை இழுத்துக் கமகம் கொண்டுவருவது பெரும்பாடு. அவர் மின்சார மாண்டலினில் ஒற்றைத் தந்திகளாக ஐந்து கட்டிக்கொண்டார். பையனாகப் பெரிய பெரிய மேடையில் உட்கார்ந்து வாசித்த பழைய கச்சேரிப் பதிவுகள்தான் என் முதல் தேர்வு. அதற்கப்புறம் 1995இல் கனடா கிட்டார் கலைஞர் மைக்கேல் புரூக்கோடு செய்த 'ட்ரீம்'. 2014 செப்டம்பரில் 45 வயதில் போய்விட்டார். இன்றைக்கும் பதிவில் அவர் ஆலாபனை (தாளமில்லாமல் ராகத்தை விரிப்பது) ஆரம்பித்தால் கையில் இருக்கிற வேலையை அப்படியே வைத்துவிடுவேன்.

வீணையில் ஜெயந்தி குமரேஷின் 'மிஸ்டீரியஸ் டுவாலிட்டி' கேளுங்கள். ஏழு வீணையையும் அவர் ஒருவரே தனித்தனியாக வாசித்துப் பதிந்து அடுக்கியது. ஒரு விஷயம், இங்கே அக்டோபர், நவம்பர் மழையில் தகரக் கூரை வீட்டில் இருந்தால் வீணை காதில் விழாது. அதை ஜனவரிக்கு வைத்துக்கொள்ளுங்கள், மழைக்குப் பறைதான் சரி.

பழனி மலைப் பக்கம் இருப்பவர்களுக்கும் ஒருவரைச் சொல்லியாக வேண்டும், பழனி சுப்பிரமணிய பிள்ளை. மிருதங்கம், இடது கைக்காரர். இதில் என்ன சிக்கல் என்று கேட்பீர்கள். மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது கூர்மையாக ஒலிக்கும் பக்கம், சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பது வழக்கம், அதனால்தான் மிருதங்கக்காரர் பாடகருக்கு ஒரு பக்கமும் வயலின்காரர் மறு பக்கமும் என்று இடம் வைத்திருக்கிறார்கள். இடது கைக்காரர் வந்தால் வயலின்காரர் எழுந்து பக்கம் மாற வேண்டும். அதற்குப் பலர் ஒப்புக்கொள்ளவில்லை, இவருக்குக் கச்சேரிகளே கைவிட்டுப்போயின. செம்பை வைத்தியநாத பாகவதர்தான் இவரைக் கூடவே உட்காரவைத்துத் தூக்கிவிட்டார். பழைய பதிவுகளில் அவருடைய தொப்பியின், அதாவது மிருதங்கத்தின் தாழ்ந்து ஒலிக்கும் மறுபக்கத்தின், கும்கியை (தோலை அழுத்தி ஒலியை இழுப்பது) மட்டும் கவனித்துக் கேளுங்கள். கண்ணை மூடினால் யாரோ தாழ்ந்த குரலில் பேசுகிற மாதிரியே இருக்கும்.

சரி, நேரில் கேட்பதற்கு வருகிறேன். எனக்கு எல்லாவற்றையும்விட இது முக்கியம்.

ஏப்ரலில் இங்கே கடைவீதி மாரியம்மன் திருவிழா, குன்னூரில் தந்தி மாரியம்மன் திருவிழா. சாமி புறப்பாட்டுக்குக் கீழேயிருந்து நாதஸ்வரக் கோஷ்டி வரும். கூட்டத்தோடு கூட்டமாக நிற்காமல் வாசிப்பவர்கள் பக்கத்தில் போய் நில்லுங்கள். நான் ஒரு வருஷம் அப்படி நின்றபோது பார்த்தது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணி, மஞ்சு இறங்கிவிட்டது, ட்யூப்லைட்டைச் சுற்றி வெள்ளையாகப் புகை மாதிரி. நாதஸ்வரக்காரர் சீவாளியை, ஊதுகிற நாணல் துண்டை, வாயிலேயே அடக்கி வைத்துக்கொண்டிருந்தார். வழக்கமாக ஈரம் ஏற்றுவதற்குத்தான் அப்படிச் செய்வார்கள், அன்றைக்கு அவர் சூடு போகாமல் இருக்கவும் வைத்திருந்தார். கருவியின் மேல்பாகத்தைச் சால்வைக்குள் இடுப்போடு அணைத்திருந்தார். ஊதிப் பார்த்தார், சுருதிப் பெட்டியோடு சேரவில்லை, இறங்கி நின்றது. மறுபடி வெறுங்காற்றாக நாலைந்து தடவை உள்ளே ஊதினார். பக்கத்தில் தவில்காரர் விரல் கூடுகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் இறங்குகிறது என்றால், காற்றில் ஒலி போகும் வேகம் சூட்டைப் பொறுத்தது. 35 டிகிரியில் நொடிக்குச் சுமார் 352 மீட்டர், 10 டிகிரியில் 337 மீட்டர். குழலின் நீளம் மாறாது, வேகம் குறைந்தால் சுருதி இறங்கும். அந்த வித்தியாசம் முழுசாகக் குழலுக்குள் இருந்தால் கிட்டத்தட்ட அரைச்சுரத்தில் முக்கால் பங்கு இறங்கிவிடும். ஊதுகிறவரின் மூச்சுச் சூடு உள்ளே போகப்போக அது மேலே ஏறும், அதைத்தான் அவர் செய்துகொண்டிருந்தார். தோல் கருவிக்கு வேறு பிரச்சினை, ஈரத்தைக் குடித்துத் தொய்ந்துவிடும். கீழே நாற்பது நிமிஷம் நிற்கிற கட்டு இங்கே பத்து நிமிஷத்தில் போய்விடும். இவ்வளவையும் சமாளித்து அன்றைக்குச் சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி எடுத்தார் பாருங்கள், ராகம் கம்பீர நாட்டை, சாமி தோளில் ஏறியது, பஜாரில் ஷட்டர் இறக்கிக்கொண்டிருந்த கடைக்காரர்கள் பாதியில் அப்படியே நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அதைப் போனில் ரெக்கார்ட் செய்த பையனிடம் வாங்கிக் கேட்டேன், அதில் அவ்வளவும் இல்லை.

அந்தச் சூட்டோடு வீட்டுக்கு வந்து கேட்க வேண்டியவர்கள் இரண்டு பேர். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, அப்புறம் அவருடைய சிஷ்யர் காருகுறிச்சி அருணாசலம். காருகுறிச்சியை 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியோடு வாசித்த 'சிங்கார வேலனே தேவா' வழியாக எல்லோருக்கும் தெரியும், அது ஆபேரி ராகம். அதோடு நிறுத்திவிடாதீர்கள், அவருடைய கச்சேரிப் பதிவுகளில் ராக ஆலாபனையைத் தேடிப் பிடியுங்கள். இப்போது வாசிக்கிறவர்களில் மயிலை கார்த்திகேயனை நான் விடாமல் கேட்கிறேன். நாதஸ்வரத்தைப் பாடுகிற மாதிரி வாசிப்பார், அவசரமே இருக்காது.

டிசம்பரில் லீவு கிடைத்தால் மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறிக் காலையில் சென்னையில் இறங்குங்கள். மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் தேடி அலையாமல் பல சபாக்களில் காலையிலும் மதியத்திலும் இளம் கலைஞர்கள் கச்சேரிக்குப் போங்கள். பெரும்பாலும் இலவசம், கூட்டம் குறைவு, முன்வரிசையிலேயே உட்காரலாம். மிருதங்கத்தின் வலந்தலை தெரிகிற பக்கமாக உட்காருங்கள். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து கேன்டீனுக்குப் போகிற பழக்கம் மட்டும் வேண்டாம், அங்கேதான் புதிய கைகளைக் கண்டுபிடிக்க முடியும்.

நம் மலையின் சொந்த இசையைப் பற்றியும் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீங்கள் இருக்கும் ஊரின் பெயரே இந்த மலையின் பழங்குடியான கோத்தர்களுடையது, கோத்தர் கேரி, கேரி என்றால் தெரு. கோத்தர்கள் கொல்லர், குயவர், அதோடு இந்த மலை முழுவதுக்கும் இசைக்காரர்கள். தோடர், படகர் வீட்டுச் சாவுக்கு ஒரு காலத்தில் இவர்களுடைய ஊதுகருவியும் தோல் கருவிகளும்தான். ஹார்வர்டைச் சேர்ந்த ரிச்சர்ட் உல்ஃப் வருஷக்கணக்காகக் கோத்தர்களோடு பழகி இந்த இசையைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ஜனவரி வாக்கில் அவர்களுடைய சாமி கம்பட்டராயருக்குத் திருவிழா நடக்கும். யாராவது அழைத்தால் மட்டும் போங்கள், போனை வெளியே எடுக்காதீர்கள், அது அவர்கள் கும்பிடும் இடம். இருளர் பாட்டு எப்படி இருக்கும் என்று தெரிய அட்டப்பாடி நஞ்சியம்மா போதும். மலைக்கு அந்தப் பக்கம்தான். 2020இல் வந்த 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் தன் மொழியிலேயே பாடித் தேசிய விருது வாங்கினார். சிரித்துக்கொண்டே பாடுவார், பாட்டில் இருக்கும் சோகம் அதனால் இன்னும் அழுத்தமாக இறங்கும்.

புதியவர்கள் என்று கேட்டால் எனக்கு முதலில் வாயில் வரும் பெயர் ராப் பாடகர் 'அறிவு'. காரணம் என் வீட்டிலேயே இருக்கிறது. எங்கள் குடும்பம் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானதே, அதில் அம்மாவும் அப்பாவும் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் இங்கே அரசாங்கத்தின் டான்டீ தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார்கள். எங்கள் லைன் வீடுகளில் ரொம்ப வருஷம் இலங்கை வானொலிதான் ஓடும். நித்தி கனகரத்தினத்தின் பொப் பாட்டு வந்தால் அப்பா எழுந்து சத்தத்தைக் கூட்டுவார்.

2021இல் பாடகி தீயும் அறிவும் சேர்ந்து பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' வந்தபோது ஊரே ஆடியது. அறிவு அதைத் தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து எடுத்தார், அவரும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர். என் பெண் என் அம்மாவுக்கு அதைப் போனில் போட்டுக் காட்டினாள். அம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். துள்ளல் தாளம் வரும்போது ஒன்றும் சொல்லவில்லை. ஒப்பாரி மாதிரி குரல் ஏறுகிற இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. "அந்த எடத்தைத் திருப்பிப் போடு பாப்பா" என்றார். நாலு தடவை போட்டாள். நாலாவது தடவை அம்மா கூடவே மெட்டை முனகினார், வார்த்தை வேறு. தோட்டத்தில் யாரோ இறந்தபோது அவருடைய அம்மா பாடியது என்றார், அதுவரை எங்கள் யாருக்கும் அவர் அதைப் பாடிக் காட்டியதில்லை. நான் அதைப் பதிந்து வைத்திருக்கிறேன், என்னிடம் இருக்கும் எல்லாப் பதிவிலும் அதுதான் எனக்குப் பெரியது.

அறிவு முதலில் பலருக்குத் தெரியவந்தது 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில். சினிமா இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது, முதல் மேடை 2018 ஜனவரியில் சென்னையில். கானா, பறை, ராப், கிட்டார் எல்லாம் ஒரே மேடையில். பெயருக்கு அடிப்படை அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன சாதியற்ற தமிழர். பண்டிதர் வளர்ந்தது இந்த நீலகிரியில், 1891 டிசம்பர் 1ஆம் தேதி திராவிட மகாஜன சபையின் முதல் மாநாட்டை நடத்தியதும் இங்கேதான். ஊட்டிக்குப் பூப்பார்க்கப் போகும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழு பிடித்துப்போனால் பின்னால் போய் கே.ஏ. குணசேகரனைக் கேளுங்கள், இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' அவர் குரலில்தான் ஊர் ஊராகப் போனது. முன்னால் போனால் 2020இல் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' மேடைப் பதிவுகள் இருக்கின்றன. அதில் ஒவ்வொரு வருஷமும் பெயர் தெரியாத இரண்டு மூன்று பேரையாவது நான் குறித்துக்கொள்கிறேன்.

பறையை நேரில் கேட்க வாய்ப்பு வந்தால் ஆட்டம் தொடங்குவதற்கு அரை மணி முன்னாலேயே போய்விடுங்கள். ஓரமாகக் காகிதமோ வைக்கோலோ கொளுத்திப் பறையைக் காய்ச்சுவார்கள். விரலால் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். முதலில் ஈரத்துணியைத் தட்டுகிற மாதிரி இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத் தோல் இறுகி ஒரு கட்டத்தில் சுள்ளென்று பேசும். இந்தக் குளிரில் நடுவில் நிறுத்தி இரண்டு, மூன்று தடவை காய்ச்ச வேண்டியிருக்கும். அடிக்குச்சி எங்கே விழுகிறது, சுண்டுக்குச்சி எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டே கேட்டால் இரண்டு கையும் இரண்டு ஆள் மாதிரி பேசுவது புரியும்.

சத்தம் குறைவாக வேண்டும் என்றால் கபேர் வாசுகியின் 'அழகு புராணம்', அப்புறம் ஷான் ரோல்டன், பிரதீப் குமார் இருவரும் சினிமாவுக்கு வெளியே செய்த பாட்டுகள். பெங்களூர் 'அகம்' குழுவை நேரில் கேட்டால்தான் ருசி.

கடைசியாக ஒன்று. வீட்டில் பழைய கேசட்டோ ரெக்கார்டோ வைத்திருந்தால் இந்த ஊர் ஈரத்தில் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். அப்படியே போட்டு ஓட்டினால் ஹெட்டும் கெட்டுவிடும், அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். நான் மர அலமாரியின் அடித்தட்டில் 15 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு மேல்தட்டில் அடுக்கி வைத்திருக்கிறேன், மாமா காலத்துக் கேசட்டுகள் இன்றைக்கும் ஓடுகின்றன. 'ஹவ் டு நேம் இட்' என்னிடம் இரண்டு இருக்கிறது. ஒன்றை உங்களுக்குத் தருகிறேன், அட்டையோடு. பிளேயர் இல்லையென்றால் அதுவும் இருக்கிறது, போன மாதம்தான் பெல்ட் மாற்றினேன்.